இரு பள்ளங்களுக்கு நடுவே ஒரு சுவர்

1

இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அன்று காலையில் தரை ஆடியது. பெரிதாக ஒன்றுமில்லை. வெலிங்டனில் இது புதிதும் இல்லை. மேசைமேல் இருந்த காபிக் கோப்பை இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது. அலமாரியில் தட்டுகள் சலசலத்தன. என் மகள் மீனாவுக்குப் பதினான்கு வயது. செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே "சின்னதுதான்ப்பா" என்றாள். நான் மட்டும் எழுந்து ஓடிப்போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு நிலையில் நிற்பதால் ஒரு பயனும் இல்லை என்று வேலையிடத்தில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆனாலும் பதினோரு வருடமாகக் கால் அங்கேதான் போகிறது.

ஆட்டம் நின்ற பிறகு என் போனை எடுத்தேன். காஞ்சிபுரத்திலிருந்து குமுதா அக்கா ஒரு படமும் குரல் செய்தியும் அனுப்பியிருந்தாள். அங்கே சாயங்காலம் அனுப்பியது, எனக்கு விடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

"பக்கத்து வூட்டை இடிச்சிட்டாங்கடா. யாரோ வாங்கி லாட்ஜு கட்டப் போறாங்களாம். இன்னா வெளிச்சம் பாரு! பகல்ல லைட்டே போட வேணாம். உங்க மாமாவுக்கு ஒரே சந்தோஷம்."

படத்தில் எங்கள் வீட்டுத் தறி. அரக்குச் சிவப்பில் பாவு, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகள். அதன்மேல் இரண்டு கற்றையாக வெயில் விழுந்திருந்தது. அந்த அறைக்கு ஜன்னல் தெருப் பக்கம்தான் உண்டு. இந்த வெயில் மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. படத்தை விரலால் பெரிதாக்கினேன். சுவரில் தலை உயரத்துக்கு மேலே வரிசையாகச் சதுர ஓட்டைகள் இருந்தன. சிலவற்றில் சாக்கைத் திணித்திருந்தார்கள். இரண்டை வெளிச்சத்துக்காக அப்படியே விட்டிருந்தார்கள்.

ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அங்கே இருக்கிற நீங்கள் இதைப் படித்துவிட்டு, ஓட்டை விழுந்த சுவருக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்பீர்கள். அக்காவும் அதைத்தான் கேட்டாள்.

2

நான் எஞ்சினியர் இல்லை. என் மனைவி கலா நர்ஸ், அவளுக்குக் கிடைத்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். விண்ணப்பப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் 'நெசவாளி' என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியில் வெகுநேரம் தேடினாள். அப்படி ஒரு தொழில் அவள் பட்டியலில் இல்லை. 'பொது உழைப்பாளி' என்று போட்டு அனுப்பினாள். இரண்டு வருடம் காய்கறிக் கிடங்கில் பெட்டி தூக்கினேன். பிறகு கிரெய்க் என்பவரிடம் சேர்ந்தேன். நான்கு பேர் கொண்ட சின்னக் கூட்டம் அது. பழைய செங்கல் கட்டடங்களின் புகைபோக்கிகளை இறக்குவது, கைப்பிடிச்சுவரை எஃகுக் கம்பியால் கூரையோடு பிடித்துக் கட்டுவது, சுவரையும் மாடித் தளத்தையும் ஒன்றோடொன்று இணைப்பது, இவைதான் எங்கள் வேலை.

முதல் நாள் கிரெய்க் தன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்து, ஒரு சுவரில் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே இருந்த சாந்தைச் சுரண்டச் சொன்னார். சுரண்டினேன். பொலபொலவென்று கொட்டியது. "இதுதான் இந்தக் கட்டடம். மற்றதெல்லாம் வண்ணம்" என்றார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செங்கல் சுவர் மேலிருந்து வரும் எடையைப் பிரமாதமாகத் தாங்கும். நீளவாக்கில் தள்ளினால்கூட ஓரளவு எதிர்த்து நிற்கும். முகத்தில் தள்ளினால்தான் போச்சு. ஒரு அட்டையை நிமிர்த்தி வைத்து ஊதிப் பாருங்கள், தெரியும். நிலம் நடுங்கும்போது எல்லாத் திசையிலும்தான் தள்ளும். அப்போது சுவர் விழாமல் இருக்க வேண்டுமானால் யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே கூரை பிடிக்க வேண்டும், இரண்டு ஓரத்திலும் குறுக்குச் சுவர் பிடிக்க வேண்டும், கீழே மண்ணுக்குள் இருக்கும் அடிமானம் பிடிக்க வேண்டும். சாந்து மோசமா நல்லதா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, கொஞ்சம் வளைந்துகொடுக்கும், அதில் ஒரு தப்பும் இல்லை. உள்ளே உதிர்ந்துபோன சுண்ணாம்பை வைத்துக்கொண்டு மேலே சிமெண்ட் பூசி மூடுகிறோமே, அதுதான் ஆபத்து. சுவர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதே வெளியில் தெரியாமல் போய்விடும்.

முதலில் விழுவது கைப்பிடிச்சுவரும் புகைபோக்கியும். அவை பெரும்பாலும் வெளிப்பக்கம், நடைபாதையில்தான் விழும். அதனால்தான் இங்கே பள்ளிக்கூடத்திலேயே வெளியே ஓடாதே என்று சொல்லித்தருகிறார்கள். எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நாள் அடுப்படிப் பாத்திரங்கள் தானாகக் கிணுகிணுத்தன. அப்போது தெருவே வெளியே ஓடிவந்து, அத்தனை வீட்டுக் கைப்பிடிச்சுவருக்கும் கீழே நின்று, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

3

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்தது பொதுச்சுவர். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். இருவர் வீட்டு உத்தரங்களும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். ஒரு வீடு மற்றதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஏற்பாடு அது. பக்கத்து வீட்டை இடித்தவர்கள் உத்தரங்களை உருவி எடுத்தபோது அவை இருந்த குழிகள் திறந்துகொண்டன. எங்கள் பக்கம் அவற்றை மூடியிருந்தது வெறும் பூச்சுதான், அது உடைந்து விழுந்துவிட்டது. அக்காவும் மாமாவும் வெளிச்சம் என்று கொண்டாடியது அதைத்தான்.

மாமா பெயர் ஏகாம்பரம். அக்காவின் கணவர். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர்கள் அவர்கள் இருவரும்தான். மாமா கோர்வைச் சேலை நெய்வார். கரையும் உடலும் தனித்தனி ஓடத்தில், குறுக்கு நூலை ஓட்டுகிற கட்டையில், நெய்து சேர்க்கிற சேலை, அதற்கு இரண்டு பேர் வேண்டும். மாமா தறிக்கு முன்னால் காலைத் தொங்கவிடும் குழியில் உட்கார, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கரை ஓடம் போடுவாள். முப்பது வருடமாக அவர்கள் பேசிக்கொண்டதைவிட அப்படி உட்கார்ந்திருந்ததுதான் அதிகம்.

இரண்டு வருடத்துக்கு முன் நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். ஒரு மத்தியானம் தெருவில் மணல் லாரி ஒன்று போனது. வீடு லேசாக அதிர்ந்தது. அடுத்த நொடி மீனாவைக் காணோம். பார்த்தால் தறிக்கடியில் குந்தி, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டிருந்தாள். இங்கே பள்ளியில் பழக்கியது அது. மேசைக்கடியில் போகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மேசை கிடையாது.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லாரிடா கண்ணு, லாரி! இதுக்கே தறிக்குக் கீழ பூந்துக்கினா, தேர் வரும்போது இன்னா பண்ணுவ?"

மீனா முகம் சிவக்க வெளியே வந்து, என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்: "இந்தச் சுவரை யாராவது சோதித்திருக்கிறார்களா?" நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் மாமாவுக்குச் சிரிப்பு இன்னும் கூடியது.

"கோபுரம் எத்தினி வருஷமா நிக்குது? யாரு போயி சோதிச்சாங்க?"

கோபுரம் அடியில் அகலம், மேலே போகப்போகக் குறுகல், கீழே கருங்கல், அது ஒன்றரைச் செங்கல் கனத்தில் ஒற்றைக்காலில் நிற்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். விருந்துக்கு வந்த இடத்தில் என்ன வகுப்பு என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு ஒழுங்காகச் சண்டை போட்டிருக்கலாம்.

4

படம் வந்த அன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே காலை பத்தரை மணி. வெளியே போய் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். வீடு இருந்த இடம் மொட்டையாக இருந்தது. சுவர் தன்னந்தனியாக, மேல்முனையில் முக்கோணமாக, பாதி சுண்ணாம்பும் பாதி பச்சை வண்ணமுமாக நின்றது. அதன் அடியை ஒட்டி நீளமாக ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் இடுப்பு ஆழம் ஆகியிருந்தது.

"அக்கா, வூட்டுச் சாவியால அந்தச் சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பாரேன்."

"எதுக்குடா?"

"சுரண்டுக்கா."

சுரண்டினாள். மழையில் நனைந்த மணல் போல அவள் உள்ளங்கையில் கொட்டியது. அதைக் கேமராவுக்கு முன்னால் நீட்டி, "சுண்ணாம்புதானே, அப்டிதான் வரும்" என்றாள்.

மாமா போனை வாங்கினார். "இன்னா மச்சான், நம்ம ஊர்ல பூகம்பமா வரப் போவுது?"

"வர வேணாம் மாமா. ஒரு லாரி போதும். ஒரு நல்ல மழை போதும். தறியை வேற எடத்துக்கு மாத்துங்க. ஒரு மாசம் போதும்."

"பாவு ஏத்தியாச்சு. மூணு சேலை. ஒண்ணுதான் எறங்கியிருக்குது. ரெண்டாவது பாதியில நிக்குது. பாவோட தறிய எங்க தூக்கிக்கினு போறது? முடியட்டும், பாத்துக்கலாம்."

நெசவுக்காரன் வீட்டில் இதற்கு மேல் பேச்சில்லை. ஏற்றிய பாவை நடுவில் அறுப்பது எங்கள் வீடுகளில் சாவு விழுந்தால்கூடச் செய்கிற காரியமில்லை. தறியின் மேல் துணியைப் போர்த்திவிட்டுத் தீட்டு கழிந்த பிறகு அதே இழையில் தொடர்வார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் கத்தினேன். மாமா போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அப்போது எனக்குள் இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, கலாவிடம்கூட. இப்போது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் தறிக்கு மேலே, பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டி போட்டோம். பாவுக்கு நீளம் போதவில்லை என்று பழைய குழியை மூடிவிட்டு, சுவரோடு சுவராகப் புதுக் குழி வெட்டினோம். வெட்டியவன் நான். இரண்டடி இறங்கியதும் சுவரின் அடிமானம் தட்டுப்பட்டது. பழைய ஆட்கள் அதைப் படிப்படியாக அகலப்படுத்திக் கட்டியிருந்தார்கள். அந்தப் படி, குழிக்குள் காலை நீட்ட விடாமல் துருத்திக்கொண்டிருந்தது. உளியை எடுத்து நாலடி நீளத்துக்கு அதைச் செதுக்கி, சுவரோடு நேராக்கினேன். செங்கல் சுலபமாக வந்தது. நல்ல வேலை செய்த திருப்தியோடு குழியைச் சாணம் போட்டு மெழுகினேன். நெய்கிறவனுக்குக் கால் வசதிதான் கண்ணில் படும். சுவருக்கும் கால் உண்டு என்று எனக்கு அன்று தெரியாது.

இன்று அந்தச் சுவருக்கு மேலே கூரை ஒரு பக்கம்தான். கீழே இந்தப் பக்கம் நான் வெட்டிய பள்ளம், அந்தப் பக்கம் லாட்ஜுக்காரர் வெட்டும் பள்ளம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற சுவருக்கு ஒரு முழத்தில் மாமாவின் தோள்.

5

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கிரெய்க்கிடம் படங்களைக் காட்டினேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"உள்ளே ஆள் இருக்கிறார்களா?"

"என் அக்கா."

"இப்போதே கூப்பிடு. வெளியே வரச் சொல்" என்றார். அன்று முழுவதும் என்னை ஏணியில் ஏற விடவில்லை.

அக்கா வெளியே வரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். ஒரு மனு எழுதினேன். பக்கத்து மனையில் பள்ளம் வெட்டுவதை நிறுத்த வேண்டும், சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். ஒன்பது வருடமாகச் சுவரைப் பற்றி ஆங்கிலத்தில் மட்டுமே பேசிப் பழகியவன் எழுதிய தமிழ் அது. அக்கா ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தாராம்.

"'சுவர் தோல்வியடையும் அபாயம் உள்ளது'ன்னு போட்டிருக்குது. சுவரு இன்னா பரீட்சையா எழுதுது மா?"

அங்கே இருந்த எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்காவும் சிரித்திருக்கிறாள். என்னிடம் சொல்லும்போது மறுபடி சிரித்தாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அவர் கேட்ட கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை.

"சுவரு யாரு பேர்ல இருக்குது?"

பத்திரத்தில் 'மேற்கில் பொதுச்சுவர்' என்று மட்டும் இருக்கிறது. பொது என்றால் இருவருக்கும் சொந்தம். அலுவலகத்தின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. அக்கா நான்கு முறை நடந்தாள்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் தினமும் காபி குடிக்கிற கடையின் கதவில், இந்தக் கட்டடம் நிலநடுக்கத்தில் இடியக்கூடியது என்று அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. சரிசெய்ய வருடக்கணக்கில் கெடு கொடுத்திருக்கிறார்கள். அறிவிப்புக்கு நேர் கீழே மேசை போட்டு ஜனங்கள் கேக் சாப்பிடுகிறார்கள். நானும் சாப்பிடுகிறேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்கள மட்டும் ஏன்டா வெரட்டுற?" என்றாள்.

நான்காவது முறை மனு வேலை செய்தது. ஒரு அதிகாரி வந்து பார்த்தார். லாட்ஜுக்காரரின் எஞ்சினியரும் வந்திருந்தான், இளவட்டம். அக்கா போனை அணைக்காமல் கையில் வைத்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது. முதலில் அந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குள் வந்தார்கள். எஞ்சினியர் தறிக்குழியில் டார்ச் அடித்திருக்க வேண்டும்.

"சார், இங்க பாருங்க. இவங்களே அடிமானத்தச் செதுக்கி எடுத்துட்டு எங்க மேல மனு போட்டிருக்காங்க."

"யாரு செதுக்குனது?" என்றார் அதிகாரி.

மாமாவின் குரல் கேட்டது. "தெரியாதுங்க. எங்க பெரியவங்க காலத்துல செஞ்சிருப்பாங்க."

உளியை எனக்கு எடுத்துக்கொடுத்தவரே அவர்தான். வெலிங்டனில் வேன் இருக்கையில் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டு நான் அழுதேன். நான் செய்த தப்பைச் செத்துப்போனவர்கள் தலையில் போட்டு என்னைக் காப்பாற்றினார் அவர். நானோ ஒரு வாரமாக அவரை முட்டாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

6

உத்தரவு இரண்டு வரியில் வந்தது. சுவருக்கு முட்டுக் கொடுக்கும்வரை பக்கத்து மனையில் வேலை நடக்கக் கூடாது. அதுவரை இந்த வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. முட்டு யார் கொடுப்பது என்று அதில் இல்லை. லாட்ஜுக்காரர், அடிமானத்தை வெட்டியவர்கள்தான் கொடுக்க வேண்டும் என்றார். பள்ளம் வெட்டியவர்தான் கொடுக்க வேண்டும் என்றார் மாமா. ஆட்கள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அன்று கலாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். மறுநாள் அக்கா சொன்னாள்: "அந்த எஞ்சினியர் தம்பி போவும்போது சொல்லிட்டுப் போச்சுடா. ரெண்டு நாள்ல கம்பி கட்டி காங்கிரீட் போட்டுப் பள்ளத்த மூடியிருப்பாங்களாம். இப்ப தொறந்தே கெடக்குது."

அது உண்மை. நான் அதை யோசிக்கவே இல்லை. வெட்டிய பள்ளத்தைச் சீக்கிரம் நிரப்புவது, திறந்து போடுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. எந்த ஊரிலும் அப்படித்தான். வேலையை நிறுத்தச் சொல்லி எழுதியவன், நிறுத்தினால் பள்ளம் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதவில்லை. ஐப்பசி பிறந்திருந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அக்காவிடம் தினமும் படம் கேட்டு வாங்கினேன். முதல் நாள் பள்ளத்தின் அடியில் சேறு. அடுத்த நாள் கணுக்கால் தண்ணீர். அதற்கடுத்த நாள் பள்ளத்தின் ஒரு ஓரம் சரிந்து, சுவரின் அடிச் செங்கல் வரிசை பல் தெரிவது போல வெளியே வந்திருந்தது. உள்ளே, பாவுக்கு மேலே இருந்த பூச்சில், மூலையிலிருந்து ஒரு விரிசல் ஏணிப்படி மாதிரி செங்கல் செங்கலாக ஏறிக்கொண்டிருந்தது. விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொன்னேன். மறுநாள் விரிசல் கோட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் போயிருந்தது.

மாமா உத்தரவை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு நெய்துகொண்டிருந்தார். அக்கா கரை ஓடம் போட்டுக்கொண்டிருந்தாள். போன் வழியாக எனக்குத் தறிச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு அடிக்கும் என் முதுகு நிமிரும்.

மீனாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. "அவர்களை வெளியே வரச் சொல்லுங்கப்பா, அவ்வளவுதானே" என்றாள். பாவைப் பற்றி விளக்கினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெறும் நூல்தானேப்பா?"

அவள் மேல் கோபம் வந்தது. என் மகளா இவள் என்றிருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் அக்கா அந்தப் பென்சில் கோட்டைக் காட்டியபோது என் வாயிலிருந்து அதே வார்த்தைதான் வந்தது.

"அறுத்துடுக்கா. வெறும் நூல்தானே?"

அக்கா போனைச் சுவரிலிருந்து தன் முகத்துக்குத் திருப்பினாள். "நீயா பேசுறது?" என்றாள்.

"நான்தான். அவரு செத்தா அந்தச் சேலைய வச்சி இன்னா பண்ணுவ?"

அக்காவிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

7

இரண்டு நாள் கழித்து மாமா வாலாஜாபாத்தில் ஒரு சாவுக்குப் போனார். அங்கே பகல் பதினொரு மணி வாக்கில் அக்கா வீடியோவில் வந்தாள். போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"பாத்துக்கினே இருடா. தனியா செய்ய என்னால முடியாது."

பட்டுப் பாவை அறுத்தால் பெரிய சத்தமெல்லாம் வராது. இழுத்துக் கட்டியிருந்த இழைகள் கத்தரி பட்டதும் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்தன. அவள் வலது ஓரத்திலிருந்து இடது ஓரம்வரை நிற்காமல் வெட்டினாள். முடித்ததும் வெட்டிய பாவைச் சுருட்டி ஒரு வேட்டியில் கட்டினாள். இழைகளைக் கோத்துப் பிடிக்கும் அச்சிலும் விழுதிலும் நின்ற மிச்சம் தாடி மாதிரி தொங்கின. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அறுத்துட்டேன். திருப்தியா?"

மாமா திரும்பி வந்து பார்த்தார். வேட்டி மூட்டையைத் தூக்கித் தறிமேல் வைத்தாராம். அன்று சாயங்காலமே இருவரும் முசரவாக்கத்தில் இருக்கும் மாமாவின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாமா என் போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும், உயிரோடு இருக்கிறார் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

நான்கு நாள் போயிற்று. மழை விட்டுவிட்டுப் பெய்தது. சுவர் விழவில்லை.

இதை எழுதத்தான் கை தயங்குகிறது. அந்த நான்கு நாளும் அந்தச் சுவர் விழ வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். காலையில் எழுந்ததும் காஞ்சிபுரத்தில் மழையா என்று போனில் பார்ப்பேன். மழை என்றால் மனசு குதிக்கும். வீடு காலிதானே, விழுந்து தொலையேன், நான் சொன்னது சரி என்று மாமாவுக்குத் தெரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சுவர்கள் விழாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். அக்கா அறுத்த அந்தப் பாவுக்குப் பதிலாக எனக்கு ஒரு இடிந்த சுவர் தேவைப்பட்டது. அது எவ்வளவு நாள் நின்றதோ அவ்வளவு நாள் நான் அந்த வீட்டுக்குத் துரோகி.

ஐந்தாம் நாள் அக்கா கூப்பிட்டாள். பின்னணியில் மழைச் சத்தம்.

"எங்கக்கா இருக்க? முசரவாக்கத்துலதானே?"

"இல்லடா. வூட்டாண்ட."

"எதுக்கு அங்க போன?"

"அவரைத் தேடிக்கினு வந்தேன். மூணு நாளா, வேலை இருக்குதுன்னு காலையில பஸ் புடிச்சிப் போவாரு, பொழுது சாயத் திரும்புவாரு. எங்க போறாருன்னு சொல்லல. இன்னிக்குப் பின்னாலயே வந்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "உள்ள தறிக்குழில உக்காந்துக்கினு இருக்காருடா. வேட்டில நான் கட்டி வச்ச பாவைப் பிரிச்சிட்டாரு. நான் அறுத்த எழைய ஒண்ணொண்ணா பிணைச்சிக்கினு இருக்காரு."

புதுப் பாவு ஏற்றும்போது பழைய இழையின் முனையோடு புது இழையின் முனையைத் திரித்து இணைப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த வேலை. ஆயிரக்கணக்கான இழை. எல்லாம் அச்சில் நிற்பதால் தறியில் உட்கார்ந்துதான் செய்ய முடியும். அறுந்த பாவையும் அப்படி இணைக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை.

"அக்கா, அவரை வெளிய வரச் சொல்லு. இப்பவே."

"சொன்னேன். இன்னும் பாதிதான் ஆயிருக்குதாம். முடிச்சிட்டு வரேன்னாரு."

"விரிசல் எவ்ளோ தூரம் போயிருக்குது?"

"மேல வரைக்கும் போயிடுச்சுடா. கை நொழையுது."

கை நுழைகிறது என்றால் சுவர் இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று பொருள். தாலுகா ஆபீஸ், தீயணைப்பு, தெருக்காரர்கள், யாரையாவது கூப்பிடு என்று கத்தினேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மழை ஓட்டின் மேல் விழும் சத்தம் கூடிக்கொண்டே போனது.

"நீ மட்டும் உள்ள போவாதக்கா. என் மேல ஆணை."

"அவருக்குக் கண்ணு வேற சரியாத் தெரியலடா. எழைய எடுத்துக் குடுக்க ஒரு ஆளு இல்லாம எப்டி முடிப்பாரு? ரெண்டு பேரா செஞ்சா இன்னிக்குள்ள முடிஞ்சிடும்."

"அக்கா, வேணாம்கா."

"நான்தானடா அறுத்தேன்" என்றாள்.

செருப்பை வாசலில் கழற்றிவிடும் சத்தம் கேட்டது. பிறகு போனை வைத்துவிட்டாள்.